ஜனாதிபதி மடியில் உட்கார்ந்த விருந்தாளி

மலருக்கு ஏதாவது எழுது என்று குழு நண்பர் போன் செய்தபோது, நம் பேராசிரியர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதெல்லாம் மற்றவங்க எழுதுறாங்க, நீ சந்திரபாபுவைப் பத்தி எழுது என்று சொல்லி வைத்துவிட்டார். 1971-74 செட் நண்பர்களுக்குக் காரணம் தெரியும். விடுதியில் எனக்குப் பெயரே நெம்மேலி பாபு. மற்ற ஆண்டுக்காரர்களுக்காக அந்தக் கதையை மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நெம்மேலி என்றால் இன்றைக்குக் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அது 2013-இல் வந்தது. நான் பையனாக இருந்தபோது ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் சவுக்குத் தோப்பு. டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலி கேட்கும். அதில் சந்திரபாபு பாட்டு வந்தால் எனக்குக் கால் நிற்காது. எட்டாம் வகுப்புப் படிக்கையில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை டான்ஸ் ஆட விட்டார்கள். நாலு பெஞ்சை ஒட்டிப் போட்டதுதான் மேடை. இடுப்பை வளைத்து ட்விஸ்ட் ஆடிய வேகத்தில் பெஞ்சு ரெண்டும் விலகி, நான் நேராக முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் மடியில் போய் விழுந்தேன். அவர் கையிலிருந்த கலர் பாட்டில் மாலை மேலேயும் சட்டை மேலேயும் கொட்டியது. கூட்டம் விசிலடித்தது. மறுநாள் காலையில் டிரில் மாஸ்டர் பிரம்பை எடுத்தார். அதை விவரிக்க வேண்டாம்.

எனக்கு விழுந்தது பிரம்படி. ஆனால் அதே காரியத்தை என் தலைவர் நாட்டின் ஜனாதிபதியிடமே, அதுவும் தவறி விழாமல், வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்!

ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா ரோட்ரிகஸ் சுதந்திரப் போராட்டக்காரர். அதனாலேயே குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. கொழும்பில் படித்த பையனுக்கு மேல்நாட்டுச் சங்கீதமும் நடனமும் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டன. 1943 வாக்கில் சென்னை வந்து திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். 1947-இல் 'தன அமராவதி'யில் ஒரு சின்ன வேஷம். அதற்கப்புறம் ஸ்டூடியோ வாசல் வாசலாக அலைச்சல்தான்.

1952-இல் மனம் வெறுத்துப்போய் ஜெமினி ஸ்டூடியோவிலேயே மயில்துத்தத்தைக் குடித்துவிட்டார். பிழைத்தார். தற்கொலை முயற்சி என்று வழக்கு. அங்கே நீதிபதி எதிரில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையில் வைத்துச் சுட்டுக்கொண்டாராம். கை சுட்டதுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும், வலி தெரியாது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். நீதிபதி அவரை விட்டுவிட்டார். கோர்ட்டு என்று கூடப் பார்க்காத மனுஷன்! அதே ஆண்டு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேஷமும் கிடைத்தது.

பிறகு ஏறுமுகம்தான். 'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். அவர் பாடிய யோடலிங், தமிழ் ரசிகர்களுக்குப் புதுசு. 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேஷம். நாயகன் சிவாஜிக்கு ஈடாகச் சிரிக்க வைத்தார் என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள். 1960-இல் கண்ணதாசன் சொந்தமாக எடுத்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் அவர்தான் நாயகன். படம் ஓடவில்லை. பாட்டு நின்றது. பிறப்பிலும் அழுகை, இறப்பிலும் அழுகை என்று மனுஷனைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. சிரிப்பு நடிகர் அதைப் பாடினதுதான் விசேஷம்.

1965 பாகிஸ்தான் போர்க் காலத்தில் ஜவான்களை உற்சாகப்படுத்த நம் ஊர் நட்சத்திரங்களும் இசைக் கலைஞர்களும் வடக்கே போனார்கள். டெல்லியில் ராஷ்டிரபதி பவனில் வரவேற்பு. ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், தத்துவப் பேராசிரியர், அப்போது எழுபத்தேழு வயசு. அங்கே எழுந்து நிற்பதற்கும் உட்காருவதற்கும் முறை உண்டு. சந்திரபாபு அந்தப் பாட்டைப் பாடினார். ராதாகிருஷ்ணன் ரசித்துப் பாராட்டினார். அவ்வளவுதான், இவர் விறுவிறுவென்று போய் ஜனாதிபதி மடியிலேயே ஏறி உட்கார்ந்து, கழுத்தில் கையைப் போட்டு, தாடையைத் தடவி, நீதான்டா ரசிகன் என்கிற பாணியில் ஒருமையில் கொஞ்சினார் என்று கூடப் போனவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நிமிஷம் மட்டும் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. காவலர்கள் எந்தப் பக்கம் பார்த்தார்களோ! ஆனால் பெரியவர் கோபிக்கவில்லை. சிரித்துத் தட்டிக்கொடுத்தார்.

எத்தனை பிள்ளைகளைப் பார்த்த வாத்தியார் அவர், அதான் அவருக்குப் புரிந்தது என்று எனக்குத் தோன்றும். கோடம்பாக்கத்தில் எல்லாரும் வாத்தியாராக இல்லை. அங்கேயும் இவர் பெரிய பெரிய நடிகர்களை ஒருமையில்தான் கூப்பிடுவார், தோன்றியதை முகத்துக்கு நேரே சொல்வார். கூட்டத்தில் எல்லாரும் ரசித்தார்கள், மனசில் வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. கார் நேரே மாடிக்கு ஏறிப் போகிற மாதிரி ஆசையாகக் கட்டிய வீடும் கடனில் போயிற்று. கல்யாண வாழ்க்கையும் சில மாசம்தான். 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். அதுவும் கை கொடுக்கவில்லை. குடி அதிகமாயிற்று. அதற்கு மற்றவர்களை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. 'அடிமைப் பெண்'ணில் (1969) எம்.ஜி.ஆரோடு அவர் நடித்ததைப் பார்த்தபோது, பழைய துள்ளல் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. கடைசி வரை விட்டுப் போகாத நண்பர்களில் ஒருவர் எம்.எஸ். விஸ்வநாதன்.

1974 மார்ச் 8 அன்று அவர் காலமானார். வயசு நாற்பத்தாறு. நமக்குக் கடைசி ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். செய்தி வந்த அன்றைக்கு ராத்திரி விடுதி மெஸ்ஸில் யாரோ என்னைப் பாடச் சொன்னார்கள். அந்த அழுகைப் பாட்டைத்தான் பாடினேன். வார்டன் வாசலில் வந்து நின்றார். நேரமாச்சு, போய்ப் படிங்கடா என்று விரட்டுகிறவர், முடிகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.