ஏணி வைத்து இன்பம் அளந்தவர்

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் படகு என்றால் பிழைப்பு. அமெரிக்கத் தொழிலாளிக்கோ அது விடுமுறை நாள் உல்லாசம். பொருள் ஒன்று, மனக்கணக்கு வேறு. அந்த மனக்கணக்கை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து மனநிறைவை அளந்தவர் ஹாட்லி காண்ட்ரில்.

1906-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பிறந்தார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியரானார். 1938-ல் செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வந்ததாக ஒலிபரப்பான ரேடியோ நாடகத்தைப் பலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். அப்படிப் பயந்தவர்களைப் பேட்டி கண்டு எழுதிய புத்தகம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. (அந்தப் பீதி அவ்வளவு பெரிதல்ல என்று பின்னால் வந்தவர்கள் வாதிடுவது வேறு கதை.)

ஏணி பிறந்தது 1960-ல். சகா கில்பாட்ரிக்கும் அவரும் சேர்ந்து செய்தது. முதலில் ஒருவரது ஆசைகளையும் பயங்களையும் மனம்விட்டுப் பேசச் சொல்வார்கள். பிறகு பத்துப் படி ஏணிப் படத்தைக் காட்டுவார்கள். உச்சியில் அவர் ஆசைப்பட்ட வாழ்வு. அடியில், பூஜ்யத்தில், அவர் அஞ்சிய வாழ்வு. இப்போது எந்தப் படியில் நிற்கிறார், ஐந்து வருஷத்துக்கு முன் எங்கே நின்றார், இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கே நிற்பார்? கேள்வி அவ்வளவுதான். எழுத்து வாசனை அறியாதவரும் விரலை வைத்துக் காட்டிவிடலாம்!

1962-ல் இந்தியாவிலும் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலி, தனக்கு ஒரு மகன், சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, பாலுக்கு ஒரு பசு வேண்டும் என்றார். அமெரிக்காவில் ஒரு தொழிலாளி கேட்டது புதுக் காரும் படகும். இருவருக்கும் அதுவே பத்தாம் படி. சராசரி பார்த்தபோது அமெரிக்கா 6.6, இந்தியா 3.7, டொமினிக்கன் குடியரசு வெறும் 1.6. 1965-ல் இவை புத்தகமாயின.

காண்ட்ரில் 1969 மே 28-ந் தேதி காலமானார். அவர் நண்பருடன் நடத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.யின் பணம் ரகசியமாக வந்தது என்ற செய்தி 1977-ல் வெளியாகிப் பெயருக்குக் களங்கம் சேர்த்தது. ஏணி மட்டும் சாயவில்லை. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கைக்கு அதுவே அளவுகோல். 2024 அறிக்கையில் இந்தியாவின் எண் 4.05. ஆனால், ஆசையையும் பயத்தையும் பேசச் சொல்லும் அந்த முதல் பகுதியை இப்போது கேட்பதில்லை. படியின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள்.