பெட்டி சுமந்தவர் பெயர் என்ன?



இன்றைக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் போதும், படம் விழுந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஸ்டூடியோவுக்குப் போய், ஆடாமல் அசையாமல் நின்று கலியாணப் படம் எடுத்துக்கொண்ட காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கும் நூறு ஆண்டு முந்திய கதை இது. படம் பிடிக்கும் ஒருவர் முன்னே நடக்க, நாற்பது பேர் பின்னே சுமை தூக்கி நடந்த காலம்.

இந்தியாவின் மலை, ஆறு, கோயில் இவற்றைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர்களில் முன்வரிசையில் நிற்பவர் சாமுவேல் போர்ன். 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். நாட்டிங்ஹாம் நகரில் வங்கிக் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் படம் பிடிக்கப் பழகினார். பழக்கம் பித்தாகிவிட்டது! நிலையான வேலையை உதறிவிட்டுக் கப்பலேறி, 1863-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கிருந்து வடக்கே, துரைமார் கோடைக்குத் தங்கும் சிம்லா மலைக்குப் போனார். அங்கே கூட்டாளிகளோடு சேர்ந்து படக்கடை தொடங்கினார். சார்லஸ் ஷெப்பர்டு என்பவரும் அவரும் நடத்திய 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' கம்பெனி பிற்பாடு இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது லேசான வேலையா என்ன? பிலிம் சுருள் கிடையாது. கண்ணாடித் தட்டுதான். தட்டின் மேல் பசைபோன்ற மருந்தை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கேமராவில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு இருட்டுக் கூடாரத்துக்குள் போய்க் கழுவியும் ஆகவேண்டும். ஈரம் காய்ந்தால் தட்டு வீண். அதனால் எங்கே போனாலும் கூடாரம், மருந்துப் பாட்டில்கள், நூற்றுக்கணக்கான கண்ணாடித் தட்டுகள், மரக் கேமராக்கள் எல்லாம் கூடவே போக வேண்டும். இமயமலையில் வண்டிப் பாதை ஏது? எல்லாமே மனிதன் முதுகில்தான்!

1863-இல் போர்ன் முதல் பயணம் போனபோது சுமை தூக்கியவர்கள் ஏறக்குறைய 30 பேர். பத்து வாரம் நடந்து 147 தட்டுகளோடு திரும்பினார். மறு ஆண்டு காஷ்மீருக்குப் போனபோது 42 பேர். 1866-இல் கங்கை பிறக்கும் பனிப்பாறை வரைக்கும் போனார். அதே பயணத்தில் 18,600 அடி உயரத்திலுள்ள மணிரங் கணவாயில் நின்று படம் எடுத்தார். பல ஆண்டுகள் வரை அந்த உயரத்தை யாரும் மிஞ்சவில்லை என்பார்கள். குளிரில் கை விறைக்கும், மேகம் வந்து மறைக்கும். ஆனாலும் நினைத்த வெளிச்சம் வரும்வரை காத்திருந்து எடுப்பார். அந்தப் படங்களில் பனிமலை இன்றைக்கும் கண்ணைப் பறிக்கிறது. அவருடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் அந்தப் பெட்டிகளைத் தூக்கியவர்கள் யார்? வழிநெடுக உள்ள கிராமத்து ஏழைகள். அந்த மலை நாட்டில் 'பேகார்' என்ற கட்டாய வேலை இருந்தது. மேலிடத்து உத்தரவு வந்தால் கிராமத்துத் தலைவன் ஆள் அனுப்பியாக வேண்டும். சொந்த வயலில் அறுப்பு வேலை கிடந்தாலும் போட்டுவிட்டு வரவேண்டும். பனியில் நடக்கத் தகுந்த செருப்பில்லை, போர்வையில்லை. தாங்காதவர்கள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். போர்ன் தடியோடு கிராமத்துக்குள் போய், ஒளிந்தவர்களை அடித்து இழுத்து வந்தார். இதை வேறு யாரும் கட்டிவிடவில்லை. லண்டன் பத்திரிகைக்குத் தாம் எழுதிய பயணக் கட்டுரைகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்! பேகாரை எதிர்த்து அந்த மலைமக்கள் போராடி வெற்றி கண்டது 1921-இல்தான்.

இதைப் படிக்கும்போது நமக்கு நம்ம பாட்டன் பூட்டன் ஞாபகம் வராமல் இருக்குமா? போர்ன் மலை ஏறிய அதே ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி, பினாங்குக்கும் புரோவின்ஸ் வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கும் வந்துகொண்டிருந்தார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது 1910-இல்.

போர்ன் தெற்கேயும் வந்தார். 1869 வாக்கில் ஊட்டி, மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் அவர் கேமராவில் அடங்கின. படங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் அச்சடித்தார்கள். வேண்டியவர் எண்ணைச் சொல்லிப் படம் வாங்கலாம். கலையும் வியாபாரமும் ஒன்றாக நடந்தன. 1871 தொடக்கத்தில் போர்ன் ஊர் திரும்பி, மைத்துனரோடு சேர்ந்து பருத்தி நூல் தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்தார். 1912-இல் காலமானார். தட்டுகள் கம்பெனியிடமே தங்கின. 1991-இல் கல்கத்தாக் கடையில் பிடித்த தீயில் பழைய சேமிப்பு பெரும்பகுதி அழிந்தது. கடையும் 2016-இல் மூடப்பட்டது. முன்பே விற்றுப்போன படங்கள் மட்டும் பல நாட்டுக் காட்சிசாலைகளில் பத்திரமாக உள்ளன.

இதே தொழில் நம் பக்கமும் வந்தது. சிங்கப்பூர் லம்பர்ட் கம்பெனி 1900-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 3,000 காட்சிப் படங்களை விற்பனைக்கு வைத்திருந்தது. கோலாலம்பூர்க் காட்சிகளும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டப் படங்களைப் பார்த்தால், மரத்தடியில் நம்மவர்கள் நிற்பார்கள். கீழே தோட்டத்தின் பெயர் இருக்கும், படம் எடுத்த கம்பெனியின் பெயர் இருக்கும். நிற்பவர் பெயர் இருக்காது. மரம் எவ்வளவு பெரிது என்று காட்ட நிறுத்தி வைத்த அளவுகோல் மாதிரி நம்ம ஆள்!

போர்ன் பெயர் படத்தில் இருக்கிறது. பெட்டி தூக்கிய 42 பேரின் பெயர் எங்கேயும் இல்லை. அதை இனி யாராலும் எழுத முடியாது. ஆனால் நம் வீட்டுப் படங்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. பெட்டியடியில் கிடக்கும் பழைய படங்கள்தான் மிச்சம். வீட்டுப் பாட்டி, தாத்தாவை உட்காரவைத்துக் கேளுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பிள்ளைகளை விட்டே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.