கஹால் கண்ட நரம்பணு

கண்ணாற் கண்டதும் பொய்யாதல் உண்டு என்பர் பெரியோர். பூதக்கண்ணாடி வழியே காணுங்கால் இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும். உடலினின்று பிரிந்த திசு விரைவிற் சிதையத் தொடங்குமாதலின், அதனை மருந்துநீரில் இட்டு நிலைப்படுத்திச் சாயமேற்றியே நாம் காண்கின்றோம். நாம் காண்பது இயற்கையோ, மருந்தின் விளைவோ? இவ்வையத்தோடு போராடி வென்ற ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்பார் ஸ்பெயின் தேசத்துச் சிற்றூரொன்றில் 1852-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். மைந்தரோ பள்ளியை வெறுத்து ஓவியம் எழுதுவதிலேயே களித்தார். சினமுற்ற தந்தையார் அவரை நாவிதரிடத்தும் செருப்புத் தைப்பாரிடத்தும் தொழில் பயில விடுத்தார். பின்னர் அவரே உடற்கூற்றைக் கற்பிக்க, ஓவியக்கை சாஸ்திரத்திற்கு உதவலாயிற்று. கஹால் 1873-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கியூபாவிற் படை மருத்துவராய்ப் பணிபுரிந்து, மலேரியாக் காய்ச்சலால் மெலிந்து மீண்டார்.

இத்தாலியரான கோல்ஜி 1873-இல் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். மூளைத் திசுவைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் இறுகச் செய்து வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், சிற்சில நரம்பணுக்கள் மட்டும் முழுதும் கருநிறம் பெற்றுத் தோன்றும். ஆயின் அம்முறை ஒருகாற் பலிக்கும், மறுகாற் பலியாது. 1887-இல் அதனைக் கண்டு வியந்த கஹால், குறையின் காரணத்தை ஆராய்ந்தார். முதிர்ந்த நரம்பிழைகளைப் போர்த்த கொழுப்புறை வெள்ளியைத் தடுத்தது. எனவே, நெய்த ஆடையில் இழையைத் தேடாது, தறியில் ஏறுமுன்னே நூலைக் காண்பார்போல, அவ்வுறை தோன்றுமுன் முட்டைக்குள் வளரும் கருவையும் இளம் விலங்குகளையும் ஆய்ந்தார். திசுவை இருமுறை மருந்தில் ஊறவைத்தார்.

நரம்பணுக்கள் ஒட்டி ஒரே வலையாய் அமைந்தன என்பது கோல்ஜியின் கொள்கை. ஒவ்வொன்றும் தனியணுவே என 1888-இற் கண்டார் கஹால். அதனை வெளியிடத் தம் பொருளைச் செலவிட்டு ஒரு பத்திரிகையும் தொடங்கினார். மறு ஆண்டு தம் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து பெர்லின் நகர் சென்று, பேரறிஞராகிய கெல்லிக்கரைத் தம் கொள்கைக்கு உடன்படச் செய்தார். 1906-இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது; அவ்வரங்கிலும் கோல்ஜி தம் கொள்கையை விட்டிலர். முறை ஒன்று, முடிபு இரண்டு!

கஹால் 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 17-இல் மறைந்தார். நரம்பணுக்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை 1950-களில் மின்னணு நுண்ணோக்கி புலப்படுத்தியது.

இன்று வளரும் உயிரணுக்களில் ஹார்மோனைத் தேடுவோர்க்கும் இவ்வரலாறு ஒளி காட்டும். பார்மலினில் அளவிறந்து ஊறின், ஹார்மோனைப் பற்றிக் காட்டும் எதிர்ப்பொருள் அதனை அணுக இயலாது போகலாம். போதிய அளவு ஊறாவிடின், ஹார்மோனே கரைந்தொழியலாம். ஆதலின், தோன்றாமை பற்றி இன்மை துணியாது, காணும் முறையையும் காலத்தையும் முதற்கண் ஆராய்வோமாக.