பகைவன் நண்பன் ஆன கதை

மழைக்காலத்தில் பழைய ரொட்டித் துண்டில் பச்சைப் பசேல் என்று பூத்திருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் பூஞ்சை. பூஞ்சை என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற விஞ்ஞானியும் பூஞ்சையை விரட்டும் வேலையில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். ஆனால், சுமார் 40 ஆண்டுகள் கழித்து அதே பூஞ்சைக்காக மற்ற விஞ்ஞானிகளோடு வாதாடினார்!

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் உள்ள பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரில், 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ஹோவர்ட் பிறந்தார். அப்பா விவசாயி. கேம்பிரிட்ஜில் படித்து முடித்த ஹோவர்டுக்கு, 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படாஸில் வேலை கிடைத்தது. கரும்பைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராய வேண்டும். ஆராய்ச்சியும் செய்தார், அறிக்கையும் எழுதினார். ஆனாலும் மனதில் ஒரு குறை. விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் தனக்கு, அதைத் தானே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு நிலம்கூட இல்லையே!

அந்தக் குறை 1905-ல் தீர்ந்தது. பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். அவருடைய மனைவி கேப்ரியலும் தாவரவியல் அறிஞர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'பூசா 4', 'பூசா 12' கோதுமை ரகங்கள் பெரும் புகழ் பெற்றன. அங்கே ஹோவர்ட் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்துக் கிராமத்து விவசாயிகளிடம் போய்ப் பாடம் கேட்டார். மருந்தே அடிக்காத அவர்களுடைய வயல்களில் நோய் குறைவாக இருந்தது. எப்படி? அவர்களையும், பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்களாகவே கருதினார்.

விடை மண்ணில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. 1924-ல் இந்தூரில் புதிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். இலை தழை, வைக்கோல், மாட்டுச் சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால், மூன்று மாதத்தில் கறுத்த மக்கு உரம் தயார். 'இந்தூர் முறை' என்று உலகம் முழுவதும் இது பரவியது. 1930-ல் கேப்ரியல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

அதோடு கதை முடியவில்லை. மக்கு உரம் போட்டால் செடி ஏன் இவ்வளவு செழிக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், ரேய்னர் என்ற பெண் விஞ்ஞானி ஓர் அதிசயத்தைக் கண்டிருந்தார். பைன் கன்றுகள் வளராமல் குன்றிக் கிடந்த தரிசு மண்ணில், கொஞ்சம் மக்கு உரம் சேர்த்ததும் கன்றுகள் நிமிர்ந்தன. வேர்களைச் சோதித்தால், அவற்றோடு பூஞ்சை இழைகள் பின்னிக் கிடந்தன!

ஹோவர்ட் துள்ளி எழுந்தார். 1937-38 குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார். தேயிலைச் செடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்தார். மாதிரிகளை ரேய்னரிடம் கொடுத்துச் சோதித்தார். மக்கு உரம் போட்ட செடிகளின் வேரில் பூஞ்சை வளமாகக் குடியிருந்தது.

வேரில் பூஞ்சைக்கு என்ன வேலை? பூஞ்சை இழை நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத இண்டு இடுக்கில் எல்லாம் அது நுழையும். அங்கே இருக்கும் மணிச்சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சி வேருக்குக் கொண்டுவரும். சும்மா இல்லை, கூலி உண்டு! வெயிலில் இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி கொடுத்துவிடும். நிலத்தில் வளரும் செடிகளில் பெரும்பாலானவை இந்த வியாபாரம் செய்கின்றன. முட்டைக்கோசு, கடுகு போன்ற சில செடிகள் அந்தக் கூட்டத்தில் சேராதவை. இந்தப் பூஞ்சைக்கு இப்போது 'வேர்ப்பூஞ்சை' என்று பெயர். உயிர் உரக் கடைகளில் 'வேம்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

ரசாயன உரம் இந்தப் பூஞ்சையின் வாழ்வைக் கெடுக்கும் என்று, 1940-ல் வெளிவந்த தன் நூலில் ஹோவர்ட் வாதாடினார். உர ஆதரவாளர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னது எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. வேர் பூஞ்சையைச் செரித்துச் சாப்பிடுவதாக அவர் நினைத்தார். உண்மையில், உயிரோடு இருக்கும் பூஞ்சையிடமிருந்துதான் செடிக்குச் சத்து கிடைக்கிறது. ஆனால், மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் வேரில் பூஞ்சை குறைந்துவிடும் என்பது பின்னால் பல சோதனைகளில் தெரியவந்தது. சத்து சும்மாவே கிடைக்கும்போது, கூலி கொடுத்து ஆள் வைப்பானேன் என்று செடி நினைக்கிறதோ என்னவோ!

1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி ஹோவர்ட் காலமானார். கேப்ரியலின் தங்கை லூயிஸைத்தான் அவர் இரண்டாவதாக மணந்திருந்தார். அக்காவும் ஹோவர்டும் இந்திய மண்ணில் பட்ட பாட்டை எல்லாம் திரட்டி, 1953-ல் லூயிஸ் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.