டேவிட் லிவிங்ஸ்டன்

டேவிட் லிவிங்ஸ்டன் (மார்ச் 19, 1813 – மே 1, 1873) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும், கிறித்தவ மதப் பணியாளரும், நாடுகாண் பயணியும் ஆவார். விக்டோரியா அருவியைக் கண்ட முதல் ஐரோப்பியராகப் பரவலாக அறியப்படுகிறார். ஆப்பிரிக்காவைத் தனியொருவராகக் கடந்தவர் என்ற எண்ணம் இவரைப் பற்றிப் பலரிடம் உண்டு. ஆயினும் இவருடைய புகழ்பெற்ற பயணங்கள் பலர் சேர்ந்து மேற்கொண்ட கூட்டுப் பயணங்களே ஆகும். அவற்றுள் முதலாவது, 1849இல் கலகாரிப் பாலைவனத்தைக் கடந்து ங்காமி ஏரியை அடைந்த பயணமாகும்.

இளமை

லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்தின் பிளான்டயர் என்னும் ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 10 வயதிலேயே பருத்தி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை. முதல் ஊதியத்தின் ஒரு பகுதியில் இலத்தீன் இலக்கண நூல் ஒன்றை வாங்கி, வேலை முடிந்தபின் இரவில் படித்தார். 1836இல் கிளாஸ்கோவில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சீனாவுக்குச் செல்ல விரும்பினார். அபினிப் போர் அதற்குத் தடையானது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ராபர்ட் மொஃபாட்டைச் சந்தித்தபின் அங்கு செல்ல முடிவு செய்து, 1841 சூலையில் குருமான் பணித்தளத்தை அடைந்தார்.

1844இல் மபொட்சா என்னுமிடத்தில் சிங்கம் ஒன்று இவரைத் தாக்கி இடது மேற்கை எலும்பை நொறுக்கியது. உடனிருந்த மெபால்வே என்பவர் துப்பாக்கியால் சுட முயன்றதால் சிங்கம் இவரை விட்டுவிட்டு அவர்மீது பாய்ந்தது. இருவரும் உயிர் பிழைத்தனர். எனினும் அந்த எலும்பு சரியாகக் கூடவே இல்லை. 1845இல் மொஃபாட்டின் மகள் மேரியை மணந்தார். 1847இல் குவேனா மக்களின் தலைவர் செச்செலேயுடன், இன்றைய போட்சுவானாவில் உள்ள கொலொபெங்கில் குடியேறினார்.

கலகாரிப் பயணம்

கொலொபெங்கிற்கு வடக்கே பெரிய ஏரி ஒன்று இருப்பதாக உள்ளூர் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இடையில் கலகாரி கிடந்தது. கலகாரி வெறும் மணற்காடு அன்று. புல்லும் புதரும் முள்மரங்களும் நிறைந்தது. நீரைப் பல நாட்கள் குடிக்காமலே வாழக்கூடிய ஈலாண்டு, ஜெம்ஸ்பொக் போன்ற மான் வகைகள் அங்கு மேய்கின்றன. தரைக்கு மேல் நீர் இல்லாமையே அங்கு இடர். வண்டிகளை இழுக்கும் காளைகள் நீரின்றி அதிக நாட்கள் தாங்கா.

இப்பயணத்துக்குத் தேவையான பொருள் லிவிங்ஸ்டனிடம் இல்லை. அதைச் சாத்தியமாக்கியவர் வில்லியம் காட்டன் ஆஸ்வெல். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர், தமிழ் கற்றவர். பவானி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேட்டையாடச் சென்றபோது கடுங்காய்ச்சல் கண்டு, உடல் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு பெரும் வேட்டைக்காரராகப் பெயர் பெற்றார். வழிகாட்டிகளுக்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டார். முங்கோ மர்ரே என்பவரும் உடன் சேர்ந்தார். சூன் 1, 1849 அன்று ஏறத்தாழ 80 காளைகள், 20 குதிரைகள், வேலையாட்கள் முதலியவற்றுடன் குழு புறப்பட்டது.

வழிகாட்டி ரமோட்டோபி. செரோட்லி என்னுமிடத்தில் நீர் உண்டு என்று அவர் காட்டியது வெறும் மணற்பள்ளங்களையே. மணலைத் தோண்டினால் ஓரளவு ஆழத்தில் கெட்டியான அடுக்கு ஒன்று வரும். அதன்மேல் நீர் மெல்ல ஊறும். அந்த அடுக்கை உடைத்துவிட்டால் நீர் முழுவதும் கீழிறங்கிப் போய்விடும். ஊறிய நீர் குதிரைகளுக்கு மட்டுமே போதியதாக இருந்தது. எனவே காளைகளை முந்தைய நீர்நிலைக்குத் திருப்பி அனுப்பினர். இப்பகுதிப் பெண்கள் புல் கட்டிய நாணற்குழாயை மணலுக்குள் செலுத்தி, நீரை வாயால் உறிஞ்சித் தீக்கோழி முட்டை ஓடுகளில் சேமிப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

பின்னர் ஒருநாள் வழி தவறியது. தொலைவில் புல்லுக்குள் குனிந்து ஓடிய உருவத்தைச் சிங்கம் என்று கருதி ஆஸ்வெல் குதிரையில் விரட்டினார். அது ஒரு சான் இனப் பெண். அச்சத்தில் இருந்த அப்பெண்ணிடம் இவர்கள் கேட்டது நீர் மட்டுமே. அவர் ஏறத்தாழ 8 மைல் நடந்து நீரைக் காட்டினார். மணிகளும் இறைச்சியும் பெற்றுச் சென்ற அவருடைய பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அதன்பின் எதிர்ப்பட்ட உப்புச் சமவெளியின் கானல்நீரை ஏரி என்று நம்பி ஆஸ்வெல் தொப்பியை வீசி ஆர்ப்பரித்தார். ஏரியோ இன்னும் நெடுந்தொலைவில் இருந்தது.

சூலை 4 அன்று பொட்டெட்டி ஆற்றையும், ஆகஸ்டு 1 அன்று ங்காமி ஏரியையும் அடைந்தனர். ஏரி ஆழமற்றது. உண்மையான கண்டுபிடிப்பு வேறு: வடக்கே ஆறுகளும் காடுகளும் நிறைந்த நாடு இருப்பதைக் கரையோர மக்களிடமிருந்து அறிந்தனர். நடு ஆப்பிரிக்கா வெறும் பாலைவனம் என்ற ஐரோப்பியரின் எண்ணம் இதனால் தகர்ந்தது. லீச்சுவே என்னும் சதுப்புநில மானும் இப்பயணத்தின் வழியாகவே ஐரோப்பிய விலங்கியலாளருக்கு அறிமுகமானது.

இலண்டன் அரச புவியியல் கழகம் 25 கினி பரிசை லிவிங்ஸ்டனுக்கு வழங்கியது. ஆஸ்வெல் புகழை நாடாமல் ஒதுங்கியே இருந்தார். லிவிங்ஸ்டன் அதை மறக்கவில்லை; 1851இல் பிறந்த மகனுக்கு வில்லியம் ஆஸ்வெல் என்று பெயரிட்டார்.

பிந்தைய பயணங்கள்

1850இல் மனைவியையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்றார். திரும்பியபின் பிறந்த பெண் குழந்தை ஆறு வாரங்களில் இறந்தது. 1851இல் மீண்டும் குடும்பத்துடனும் ஆஸ்வெல்லுடனும் சென்றார். மேரி அப்போது கருவுற்றிருந்தார். வழியில் நீர் தீர்ந்து குழந்தைகள் வாடினர். நீர் தேடிப் போனவர்கள் ஐந்தாம் நாள் திரும்பியதால் பிழைத்தனர். இம்முடிவுக்காக இவர் அன்றே கண்டிக்கப்பட்டார், அக்கண்டனம் நியாயமானதே. அவ்வாண்டிலேயே சாம்பசி ஆற்றை அடைந்தனர். 1852இல் குடும்பத்தைப் பிரித்தானியாவுக்கு அனுப்பிவைத்தார்.

1853–1856 பயணத்தில் மேற்கே லுவாண்டாவையும், பின் கிழக்கே கெலிமானையும் அடைந்தார். மக்கொலொலோ தலைவர் செக்கெலெட்டு ஆட்களும் யானைத் தந்தமும் தந்து உதவினார். கிழக்குப் பயணத்தில் மட்டும் 100க்கும் மேற்பட்டோர் உடன் நடந்தனர். உள்ளூரில் மொசி-ஓவா-துன்யா எனப்படும் அருவியை 1855 நவம்பரில் கண்டு, அதற்கு விக்டோரியா அரசியின் பெயரை இட்டார். அரசு செலவில் நடந்த சாம்பசிப் பயணம் (1858–1864) தோல்வியில் முடிந்தது. 1862இல் மேரி காய்ச்சலால் இறந்தார். இதன் முடிவில் தம்முடைய சிறு நீராவிக் கப்பலைத் தாமே செலுத்திப் பம்பாய் வந்து சேர்ந்தது வியப்புக்குரியது.

இறுதிப் பயணம்

நைல் ஆற்றின் மூலத்தைத் தேடி 1866இல் தொடங்கிய பயணத்திலிருந்து இவர் திரும்பவில்லை. 1871இல் நியாங்வே சந்தையில் அடிமை வணிகர்கள் மக்களைச் சுட்டுக் கொன்றதை நேரில் கண்டார். இவர் அனுப்பிய செய்தி, சான்சிபார் அடிமைச் சந்தையை மூடுவதற்கான முயற்சிக்கு வலுச் சேர்த்தது. அதே ஆண்டு இதழாளர் ஹென்றி ஸ்டான்லி இவரை உஜிஜியில் சந்தித்தார். மே 1, 1873 அன்று இன்றைய சாம்பியாவில் உள்ள சிட்டாம்போ ஊரில் காலமானார்.

உடனிருந்த சூமா, சூசி உள்ளிட்டோர் இவருடைய இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலை வெயிலில் உலர்த்தி, குறிப்பேடுகளுடன் 1,000 மைல்களுக்கு மேல் கடற்கரைக்குச் சுமந்து வந்தனர். வழியிலேயே புதைத்துவிடுமாறு ஐரோப்பியர் சிலர் கூறியதை அவர்கள் ஏற்கவில்லை. சிங்கம் நொறுக்கிய கை எலும்பைக் கொண்டே இலண்டனில் உடல் அடையாளம் காணப்பட்டது. ஏப்ரல் 18, 1874 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் நடைபெற்றது. சூமாவும் சூசியும் அதன் பின்னரே இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டு, குறிப்பேடுகளைப் பதிப்பிக்க உதவினர். சுமந்து வந்தவர்களுக்காக அரச புவியியல் கழகம் 60 பதக்கங்களை வார்த்தது. அவை ஆப்பிரிக்கா சென்றடைவதற்குள் அவர்களுள் பலர் பல திசைகளில் கலைந்து போயிருந்தனர்.