ஹில்டே மங்கோல்ட்: இருபத்தைந்து வயதில் நின்றுபோன வாழ்வு

ஒரே ஒரு கலத்திலிருந்து தலை, முதுகு, கை, கால் என உடல் எப்படி ஒழுங்காக உருவாகிறது? இந்தக் கேள்விக்கு முக்கியமான விடையொன்றைத் தந்தவர் ஹில்டே மங்கோல்ட். 1898இல் ஜேர்மனியின் கோத்தா நகரில் பிறந்தவர்.

பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமனின் மாணவியாக, நியூட் எனும் பல்லி போன்ற ஈரூடகவாழியின் முளையங்களை ஆராய்ந்தார். வெளிர்நிற இன முளையத்தின் சிறு துண்டொன்றை வெட்டி, கருநிற இன முளையத்தின் மறுபக்கத்தில் ஒட்டினார். பெரும்பாலானவை இறந்தன. தப்பிய சிலவற்றில் இரண்டாவது உடலொன்று வளர்ந்தது. அதில் பெரும்பகுதி கருநிறக் கலங்கள். ஒட்டிய துண்டு, அயலில் இருந்த கலங்களை வழிநடத்தியிருந்தது. ஒரு கலம் என்னவாக மாறும் என்பதில் அதன் அயலுக்கும் பங்குண்டு என்ற இந்த அறிவு, இன்றைய ஸ்டெம் செல் ஆய்வுகளின் அடித்தளங்களில் ஒன்று.

ஆய்வுக் கட்டுரை 1924இல் வெளியானது. பேராசிரியரின் பெயர் முதலில். ஹில்டேயின் பெயர் அடுத்ததாக. அதே ஆண்டு செப்டெம்பரில், வீட்டுச் சமையலறையில் அடுப்பு வெடித்து, தீக்காயங்களால் ஹில்டே இறந்தார். கைக்குழந்தை தாயை இழந்தது. 1935இல் இந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு ஸ்பீமனுக்குக் கிடைத்தது. வளர்ந்த மகனை இரண்டாம் உலகப் போர் கொண்டுபோனது.

அந்தச் சிறு துண்டைப் பாடநூல்கள் இன்று ஸ்பீமன்–மங்கோல்ட் ஒழுங்கமைப்பி என்று அழைக்கின்றன. ஹில்டேயின் பெயர் அங்கே எஞ்சியிருக்கிறது.