பதவியை விட்டு விலகியவர், பழம்பொருளைக் காத்தவர்: மூன்றாம் சாலார் ஜங்

25 வயதில் நம்மில் பலர் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருப்போம். அதே வயதில் ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் பதவியை, அதாவது தலைமையமைச்சர் பதவியை, விட்டு விலகியவர் மீர் யூசுப் அலி கான். மூன்றாம் சாலார் ஜங் என்ற பெயரில்தான் உலகம் அவரை அறியும். அதன் பிறகு தம் வாழ்நாளின் எஞ்சிய சுமார் 34 ஆண்டுகளையும் அவர் பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் செலவிட்டார். வேலைப்பாடு மிக்க பழைய ஆயுதங்கள் அவர் சேர்த்தவற்றில் முக்கியமானவை.

அவர் 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூனாவில் பிறந்தார். பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் தந்தையை இழந்தார். ஆனால் அவர் பிறந்த குடும்பம் சாதாரணக் குடும்பம் அல்ல. தாத்தா முதலாம் சாலார் ஜங், 1853 முதல் 1883 வரை முப்பது ஆண்டுகள் நிஜாமின் திவானாக இருந்தவர். தந்தையும் அதே பதவியில் அமர்ந்தவர். கலைப்பொருள் மீதான ஆசையும் இந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்ததுதான். முகத்திரை அணிந்த ரெபேக்கா என்ற புகழ்பெற்ற பளிங்குச் சிலையை 1876-இல் ரோம் நகரில் வாங்கி வந்தவர் அந்தத் தாத்தா.

1912-இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், யூசுப் அலி கானைத் திவானாக நியமித்தார். அப்போது அவருக்கு 23 வயது. 1914 நவம்பரில் அவர் பதவி விலகினார். ஜாகிர் நிலங்களிலிருந்து வந்த வருமானத்தில் பெரும்பகுதி அதன்பின் கலைப்பொருள்களுக்கே போனது. ஐரோப்பாவுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் சென்று வாங்கினார். அவருடைய ஆர்வம் பரவலாகத் தெரிந்ததும், விற்பவர்களே அவருடைய மாளிகையான திவான் தேவடியைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

அவர் குடும்பம் சேர்த்த ஆயுதங்கள் இன்று தனிக்கூடமாக வைக்கப்பட்டுள்ளன. வாள், குறுவாள், கேடயம், கவசம், துப்பாக்கி எனப் பல வகை உண்டு. ஔரங்கசீப், திப்பு சுல்தான் போன்றோருடையவை எனக் குறிக்கப்பட்ட ஆயுதங்களும் அவற்றில் உள்ளன. ஜஹாங்கீரின் பச்சைக்கல் பிடி போட்ட குறுவாள் வேறொரு கூடத்தில் இருக்கிறது.

கொலைக்கருவியில் என்ன கலை என்று கேட்கத் தோன்றும். இந்தியக் கைவினைஞர் எஃகின் மேல் பொன் பதித்த முறையைப் பாருங்கள். முதலில் எஃகின் மேற்பரப்பில் மிக நுண்ணிய குறுக்குக் கோடுகளைக் கீறி, அதைச் சொரசொரப்பாக்குவார்கள். பிறகு மெல்லிய பொன்கம்பியைப் பூ, கொடி, எழுத்து வடிவில் வளைத்து வைத்து, சிறு சுத்தியலால் தட்டுவார்கள். கீறல்கள் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதற்குக் கோஃப்த்காரி என்று பெயர். ஒரு துப்பாக்கிக் குழலை இப்படி அலங்கரிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

உலகம் முழுவதும் பழைய ஆயுதம் சேர்ப்பவர்கள் தேடுவது இந்த உழைப்பைத்தான். அமெரிக்காவில் 1855-இல் தொடங்கிய வால்கானிக் நிறுவனம், விரலால் நெம்புகோலை இழுத்தால் அடுத்த குண்டு ஏறும் கைத்துப்பாக்கியைச் செய்தது. குண்டின் குழிக்குள்ளேயே வெடிமருந்தை அடைத்திருந்ததால் அதற்கு வேகம் போதவில்லை. நிறுவனம் விரைவில் நொடித்துப்போனது. ஆயுதம் என்ற வகையில் அது தோல்வி. ஆனால் செதுக்கு வேலை செய்த வால்கானிக் கைத்துப்பாக்கி கிடைத்தால் இன்று பெரும் விலை போகும். பயன் தீர்ந்த பிறகும் கைத்திறனுக்கு மதிப்புக் குறையவில்லை.

அந்த மதிப்பை அறிந்து சேர்த்தவர் சாலார் ஜங். ஆனால் சேர்ப்பது பாதி வேலைதான் என்பதை அவருடைய மரணம் காட்டியது. 1949 மார்ச் 2-ஆம் நாள் அவர் காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர். நேர் வாரிசு இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்திருந்தது. உறவினர் பலர் சொத்தில் உரிமை கோரினார்கள். ஆளுக்கொரு பங்காகப் பிரித்து ஏலத்தில் விட்டிருந்தால், ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு சில மாதங்களில் சிதறிப்போயிருக்கும்.

நல்லவேளையாக, சொத்தை நிர்வகிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. பொருள்கள் அவருடைய மாளிகையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. 1951 டிசம்பர் 16-இல் பிரதமர் நேரு அந்த அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். பின்னர் உறவினர்கள் உடன்பாட்டுக்கு வந்து, தொகுப்பை இந்திய அரசிடம் ஒப்படைத்தார்கள். 1961-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. 1968-இல் மூசி ஆற்றங்கரையில் உள்ள இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. ஒரு நவாபின் மாளிகைக்குள் இருந்தவற்றை இன்று பள்ளி மாணவர்களும் பார்க்கிறார்கள்.

திகாம் பத்துவில் இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான குற்றம். ஆகவே அதைச் சேர்க்க யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆனால் காக்க வேண்டியவை நம் அருகிலேயே உண்டு. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. ஆயிரம் ஆண்டைக் கடந்து நின்றதை அழிக்கச் சில இயந்திரங்கள் போதுமாக இருந்தன.

தோட்டங்களும் அப்படித்தான் மறைகின்றன. தாத்தா மரம் சீவிய கத்தி, பாட்டி பால் சுமந்த வாளி, பழைய தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடு, லயத்து வீட்டின் முன் எடுத்த புகைப்படம் ஆகியவை வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. இவற்றைச் சேர்க்க நவாபின் செல்வம் தேவையில்லை. யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்தாலே போதும். அந்த விவரத்தைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அவர்களிடம் போய்க் கேளுங்கள்.